ஹைலேண்ட்ஸில் தனி நடை: யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போகிறவர்களும், கிளாஸ்கோவில் வேலையாயிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களும் அடிக்கடி கேட்பது இது: “ஹைலேண்ட்ஸ் மலையில் துணைக்கு ஆள் இல்லாமல் நடக்கலாமா?” தாராளமாக நடக்கலாம். 2003-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் யாருடையதாக இருந்தாலும் பொறுப்போடு நடந்துகொள்கிற எவரும் கால்நடையாகப் போகலாம் என்று உரிமை கொடுத்திருக்கிறது. வனத்துறை அனுமதி, நுழைவுச் சீட்டு, கட்டாய வழிகாட்டி எதுவும் கிடையாது. அதனாலேயே உங்களை எண்ணிப் பார்க்கவும் அங்கே ஆள் கிடையாது. எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அடிவாரத்தில் யாரும் குறித்துக்கொள்வதில்லை. அந்தக் கணக்கை நீங்களேதான் நாலு பேரிடம் கொடுத்து வைக்க வேண்டும். வீட்டில் இருப்பவர், விடுதிக்காரர், வழியில் எதிர்ப்படும் முன்பின் தெரியாதவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். யாரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்பதுதான் தனி நடையின் பாதி வேலை.

முதலில் உயரம். ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேல், அதாவது 914.4 மீட்டருக்கு மேல் உள்ள மலைகளை ‘மன்ரோ’ என்கிறார்கள். ஹியூ மன்ரோ என்பவர் 1891-இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து வந்த பெயர். இன்றைய பட்டியலில் 282 இருக்கின்றன. எல்லாவற்றிலும் உயரமான பென் நெவிஸ் 1345 மீட்டர். நம் ஏற்காடே அதைவிட உயரம். இந்த ஒப்பீட்டில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போய் இறங்குகிறோம். பென் நெவிஸைக் கிட்டத்தட்ட கடல்மட்டத்திலிருந்து காலால் ஏற வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் இதையெல்லாம் ‘ஹில்’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு திருவண்ணாமலை கிரிவலம் போலிருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது காற்று. இதைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது வீசிய காற்று மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். ஹைலேண்ட்ஸின் கெய்ர்ன்கார்ம் மலை உச்சியில் 1986 மார்ச் 20 அன்று பதிவான வேகம் மணிக்கு 173 மைல், அதாவது 278 கிலோமீட்டர். அது ஓர் உச்சபட்சம்தான். ஆனால் புயல் என்று யாரும் பெயர் வைக்காத ஒரு சாதாரண நாளிலேயே அங்கே உச்சியில் ஆளைத் தள்ளுகிற காற்று வீசும். மலை வானிலைக்கென்றே எம்டபிள்யூஐஎஸ் என்ற சேவை இருக்கிறது. மறுநாளைய அறிக்கையை மாலையில் வெளியிடுகிறது. ஊர் வானிலையைப் பார்க்காமல் இதைப் பாருங்கள். காற்றின் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்ற கணக்கில் இருக்கும். உச்சியில் 30 மைலுக்கு மேல் காற்று என்றால், தனியாக, முதல் முறை போகிறவர் அன்றைக்குப் பள்ளத்தாக்கில் நடப்பதே சரி என்பது என் கருத்து. 40 மைலில் நடப்பதே சிரமம். பாறை விளிம்பில் அது ஆபத்து. குளிருக்கும் கணக்கு உண்டு: 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். கீழே 14 டிகிரி இருக்கும் ஜூன் மாதத்து நாளில் உச்சியில் 6 டிகிரிக்கும் கீழே போகலாம். அதில் நனைந்த உடம்பும் காற்றும் சேர்ந்தால் பனிக்காலம்தான்.

பயிற்சிக்குப் புதுச்சேரியில் மலை இல்லை, படிக்கட்டு இருக்கிறது. செஞ்சி ராஜகிரி சுமார் 800 அடி. அதை ஐந்தரை முறை ஏறி இறங்கினால் ஒரு பென் நெவிஸ். ஒரே நாளில் இரண்டு முறை, முதுகில் 6 கிலோ பையோடு, ராஜகிரி ஏறி இறங்க முடிந்தால் சிறிய மன்ரோ ஒன்றுக்குத் தயார் என்று வைத்துக்கொள்ளலாம். வாரநாளில் அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். ஆனால் ஏறிவிட்டு லிஃப்ட்டில் இறங்குகிற பழக்கம் கூடாது. தொடைத் தசை கிழிகிற மாதிரி வலிப்பது இறக்கத்தில்தான். ஏற்றத்துக்கு மட்டும் பழகிய கால், மாலை நான்கு மணிக்கு ஈரப் பாறையில் நடுங்க ஆரம்பிக்கும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

தூரத்தைக் காலால் அளக்கவும் இங்கேயே பழகலாம். மாலையில் வண்டிகளைத் தடுத்துவிடும் கடற்கரைச் சாலையில், அளவு டேப் வைத்து 100 மீட்டர் குறித்துக்கொள்ளுங்கள். இடது கால் தரையில் படும்போது மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணி நடங்கள். சராசரி உயரமுள்ளவருக்கு 60-லிருந்து 70-க்குள் வரும். அந்த எண்ணை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் எண்ணிக்கை கூடும், செஞ்சியில் அதையும் அளந்துவிடலாம். இது எதற்கு என்றால், பென் நெவிஸ் உச்சியில் மூட்டம் இறங்கிவிட்டால் தப்பி வரும் வழியே இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. உச்சித் தூணிலிருந்து வரைபட வடக்கைக் கொண்டு 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு திரும்பி 282 டிகிரி. முதல் திருப்பத்தை முன்னதாக எடுத்தால் ஒரு பக்கம் கார்டிலூ கல்லி என்ற பிளவு. திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால் மறுபக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி. இரண்டிலும் ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள்.

காம்பஸ் பற்றி ஒரு விஷயம், இதை இங்கே யாரும் சொல்வதில்லை. இந்தியாவில் வாங்கிய காம்பஸை அங்கே கொண்டுபோகாதீர்கள். நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததற்கே அந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பதுதான் காரணம். இங்கே காந்த ஊசி ஏறக்குறைய மட்டமாக நிற்கும். ஸ்காட்லாந்தில் பூமியின் காந்தப் புலம் சுமார் 70 டிகிரி சாய்ந்து தரைக்குள் இறங்குகிறது. நம் பகுதிக்குச் சமன் செய்த ஊசி அங்கே தலை குப்புறச் சாய்ந்து, உள்தட்டில் உரசி, பாதியில் நின்றுவிடும். பார்ப்பதற்கு வடக்கைக் காட்டுவது போலவே இருக்கும். கிளாஸ்கோவிலோ பென் நெவிஸ் அடிவார ஊரான ஃபோர்ட் வில்லியத்திலோ மலைக்கடையில் அடித்தட்டு உள்ள காம்பஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கை தீவின் குயிலின் மலைகளில் அதுவும் பொய் சொல்லும், பாறையிலேயே காந்தம் இருக்கிறது. தனியாக முதல்முறை போகிறவருக்கு குயிலின் வேண்டாம்.

வரைபடம் ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் 1:25000, அல்லது தண்ணீரில் நனையாத ஹார்வி 1:40000. போனிலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஈர விரலுக்குத் திரை கேட்காது, குளிரில் பேட்டரி திடீரென்று இறங்கும். உயரக்கோட்டைப் படிக்கத் தெரியாமல் போகவே கூடாது. இந்த உயரக்கோடு என்கிற யோசனைக்கும் ஒரு ஹைலேண்ட் மலைக்கும் உறவு உண்டு. 1774-இல் ஷிஹாலியன் மலையின் ஈர்ப்பை அளந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிட முயன்றார்கள். அந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்ட சார்லஸ் ஹட்டன், ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோடாக இணைத்துப் பார்த்தார். 1083 மீட்டர் உள்ள அந்த மலையில் இன்று நல்ல பாதை இருக்கிறது. மேல்பகுதி முழுக்கக் கற்குவியல், இதோ உச்சி என்று நினைக்க வைத்து மறுபடி மறுபடி ஏமாற்றும்.

உடுப்பில் ஒரே விதி: பருத்தி கூடாது. ஜீன்ஸ், காட்டன் பனியன், லுங்கி எதுவும் மலைக்கு வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தோலோடு ஒட்டி பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, மேலே ஃப்ளீஸ், அதற்கும் மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். கையுறை இரண்டு ஜோடி, ஏனென்றால் முதல் ஜோடி நனையும். குடை ஐந்து நிமிஷம் தாங்காது. ஷூ வழக்கத்தைவிட அரை சைஸ் பெரிதாக. வாங்கி, ஊரிலேயே 60 கிலோமீட்டராவது நடந்து பழக்கிவிட்டுப் போங்கள். ஹெட் டார்ச், விசில், அவசரத்தில் உள்ளே நுழைந்துகொள்ளும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் சர்வைவல் பை, இவை ஜூன் மாதத்திலும் பையில் இருக்க வேண்டும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் உண்டு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். பனிக்கால மலைக்கு ஐஸ் கோடரியும், ஷூவின் அடியில் மாட்டும் இரும்பு முள்ளான கிராம்பானும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும். அது வேறு படிப்பு, இங்கே அதைத் தொடவில்லை.

சாப்பாட்டுக்கு நம் கடலை மிட்டாயும் பொட்டுக்கடலை உருண்டையும் அற்புதம். குளிரில் கல்லாகாது, கையுறையோடு பிரித்துத் தின்னலாம். இறைச்சியும் பால், நெய் போன்ற பால்பொருளும் இந்தியாவிலிருந்து கொண்டுபோகத் தடை. கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கேதான் வாங்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசிட்டர் விசா வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஏப்ரல் 2 முதல் இடிஏ என்ற முன்அனுமதி எடுக்காமல் விமானம் ஏற முடியாது.

எந்த மலையில் ஆரம்பிப்பது? பென் நெவிஸில் வேண்டாம். கார் இல்லாதவருக்கு இரண்டு நல்ல இடம் சொல்வேன். ஒன்று காப்ளர், 884 மீட்டர். கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேர ரயிலில் ஆராக்கர் அண்ட் டார்பட் ஸ்டேஷன். உச்சியில் நிற்கும் கடைசிப் பாறைத் துண்டின்மேல் ஊசித்துளை போன்ற ஓட்டை வழியாகத்தான் ஏற முடியும். தனியாக இருக்கும்போது அதைக் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். இரண்டாவது பெய்ன் நா லாப், 935 மீட்டர். ஏறும் இடமான கொரூர் ஸ்டேஷனே 408 மீட்டரில் இருக்கிறது. அங்கே பொதுச்சாலையே கிடையாது, ரயிலில்தான் போக வேண்டும். ஒரு திசையில் நாளுக்கு மூன்று நான்கு ரயில்தான், அதனால் திரும்பும் ரயிலை வைத்தே நடையைத் திட்டமிட வேண்டும்.

நேரக் கணக்குக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதியே இன்றும் போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறுகிற ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிஷம். காப்ளர் அடிவாரத்திலிருந்து போய்வர சுமார் 11 கிலோமீட்டர், ஏற்றம் 880. முதலாவது 132 நிமிஷம், இரண்டாவது 88. மொத்தம் மூன்று மணி 40 நிமிஷம். சமவெளியிலேயே வளர்ந்த காலுக்கு அதில் பாதியைக் கூட்டுங்கள், ஓய்வுக்கு ஒரு மணி சேருங்கள். ஆறரை மணி. ஸ்டேஷனிலிருந்து அடிவாரம் வரை நடப்பது தனி. இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் ஏறும்போதே செலவாகிவிட்டால், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

இப்போது ஆட்களிடம் வருகிறேன். முதல் ஆள் வீட்டில் இருப்பவர். புதுச்சேரி நேரம் கோடையில் ஸ்காட்லாந்தைவிட நாலரை மணி முன்னால் இருக்கிறது. நீங்கள் மாலை ஏழுக்கு இறங்கினால் இங்கே இரவு பதினொன்றரை. அம்மா அதுவரை போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மலையில் பெரும்பாலான இடத்தில் சிக்னல் கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன் எடுக்கவில்லை என்பதற்காக யாரும் பயப்படக் கூடாது. பயப்பட வேண்டிய நேரத்தை நீங்களே குறித்துக் கொடுங்கள். அனுப்ப வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்:

“இன்றைக்கு பெய்ன் நா லாப். கொரூர் ஸ்டேஷனில் ஆரம்பம், தென்மேற்குச் சரிவில் ஏறி அதே வழியில் இறக்கம். சிவப்பு ஜாக்கெட், நீலப் பை. மாலை 5-க்கு ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். இரவு 9 வரை சிக்னல் இல்லாமல் இருக்கலாம். 9-க்கும் செய்தி வராவிட்டால் விடுதிக்குப் போன் செய்யுங்கள், நம்பர் கீழே.”

இதில் விடுதி ஏன் வருகிறது என்றால், அங்குள்ள அவசர உதவி எண்ணான 999-ஐ இங்கிருந்து அடித்தால் ஸ்காட்லாந்துக்குப் போகாது. வெளிநாட்டிலிருந்து ஸ்காட்லாந்து போலீஸை அழைக்கத் தனி எண் இருக்கிறது, அதைத் தேடி எடுத்து வீட்டில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். ஆனால் முதல் அழைப்பு, ஊரும் மலையும் தெரிந்த விடுதிக்காரருக்குப் போவதே வேகமான வழி. காலையில் கிளம்பும்போது ரிசப்ஷனில் இதே விவரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள், அது அங்கே வழக்கம்.

பாதையில் எதிர்ப்படுகிறவர்கள் அடுத்தது. நகரத்தில் முகம் பார்க்காமல் போகிற அதே ஆள், மலையில் ஏறியதும் “ஹையா” என்று சொல்லாமல் கடக்க மாட்டார். நீங்களும் நின்று பேசுங்கள். வானிலையில் ஆரம்பித்து, எத்தனை மன்ரோ முடித்தீர்கள் என்பதில் பேச்சு நீளும். ஆனால் “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டுப் பயனில்லை. வெள்ளியங்கிரியில் இறங்கி வருகிறவரிடம் கேட்டால் “இதோ வந்துருச்சு சாமி” என்பார் இல்லையா, அதே அன்பில் அங்கேயும் “இன்னும் இருபது நிமிஷம்” என்பார்கள். வரைபடத்தை விரித்துக் காட்டி, “நாம் இப்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டுகிறீர்களா?” என்று கேளுங்கள். பிறகு உச்சியில் காற்று எப்படி, ஓடையைக் கடக்க முடிந்ததா, பாதை எங்கே மறைகிறது என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் முன்பு அதே இடத்தில் நின்ற ஒருவரின் பதில் எந்த வானிலை அறிக்கையையும்விட உசத்தி.

அவர்கள் பேச்சைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் காது பழக வேண்டும். ‘வீ’ என்றால் சின்ன; ஆனால் “ஒரு வீ ஸ்க்ராம்பிள் இருக்கிறது” என்று சொன்னால் கையையும் ஊன்றிப் பாறை ஏற வேண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘ட்ரீக்’ என்பது நாள் முழுக்க விடாத மப்பும் தூறலும். ‘பர்ன்’ என்றால் ஓடை. மலைப் பெயர்கள் கேலிக் மொழி: ‘மோர்’ பெரிய, ‘பெக்’ சின்ன, ‘டூ’ கறுப்பு, ‘கோரி’ மலைக்குள் குடைந்த கிண்ணம் போன்ற பள்ளம், ‘பியாலக்’ இரண்டு மலைக்கு நடுவே உள்ள கணவாய். கிளாஸ்கோ பக்கத்து ஊர் ஒன்றை மில்ங்காவி என்று எழுத்தைக் கூட்டிப் படித்து டிக்கெட் கேட்டால் யாருக்கும் புரியாது. மல்கை என்று சொல்ல வேண்டும். வெஸ்ட் ஹைலேண்ட் வே என்ற 154 கிலோமீட்டர் நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது.

மூட்டத்தில் முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் அதன் பின்னாலேயே போகத் தோன்றும். போகாதீர்கள். அவர் வேறு மலைக்குப் போகிறவராக இருக்கலாம். சிறுநீர் கழிக்க ஒதுங்குகிறவராகவும் இருக்கலாம். ஏழெட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக, ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவருக்கு வழி தெரியும் என்று நம்பிக்கொண்டு, பாதையை விட்டே விலகிப் போவதுண்டு. சேர்ந்து நடப்பதென்றால் பக்கத்தில் போய்ப் பேசி, எந்த மலை, எந்த வழி இறக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று மூன்றையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். வேகம் ஒத்துவராவிட்டால் தயங்காமல் பிரிந்துவிடலாம். ஆனால் பிரியும்போது சொல்லாமல் பின்தங்கக் கூடாது: “நான் இந்த வழியாக ஸ்டேஷனுக்கு இறங்குகிறேன், ஐந்துக்குள் போய்விடுவேன்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். ராத்திரி தேடல் தொடங்கினால் மீட்புக் குழுவுக்குக் கிடைக்கும் கடைசித் தடயம் பல நேரம் இப்படி வழியில் பார்த்தவர் சொல்வதுதான். உங்கள் சட்டை நிறமும் நீங்கள் சொன்ன வழியும் அவர் மனதில் நிற்க வேண்டும்.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 20 வரை மான் வேட்டைக் காலம் மும்முரம். அந்த மலை நிலத்தின் சொந்தக்காரரிடம் வேலை செய்யும் எஸ்டேட் ஆள் வண்டியை நிறுத்தி “இன்றைக்கு அந்தப் பக்கம் சுடுகிறோம்” என்றால், உரிமை பேசாமல், “எந்த வழியாகப் போகட்டும்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் இன்னும் நல்ல வழியைக் காட்டிவிட்டுப் போவார்.

போத்தி என்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், தெரியாதவர்களை நெருக்கமாகப் பார்ப்பது அங்கேதான். ஒரு காலத்தில் மேய்ப்பர்களும் எஸ்டேட் ஆட்களும் தங்கிய கல்வீடுகள். இன்று யாரும் வந்து இலவசமாகத் தங்கலாம். 1965-இல் தொடங்கிய மவுன்டன் போத்தீஸ் அசோசியேஷன் சுமார் நூறு போத்திகளைத் தன்னார்வலர்களை வைத்துப் பராமரிக்கிறது. முன்பதிவு, சாவி, காவலாளி எதுவும் இல்லை. உள்ளே மின்சாரமும் குழாயும் கட்டிலும் இருக்காது. மரப் பலகை மேடை இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் தரை. பாயும் ஸ்லீப்பிங் பேக்கும் அடுப்பும் மெழுகுவத்தியும் நீங்கள் கொண்டுபோவதுதான். கழிப்பறை அபூர்வம், சுவரில் ஒரு மண்வெட்டி மாட்டியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கும் ஓடைக்கும் நன்றாக விலகிப் போய்க் குழி தோண்டி மூட வேண்டும்.

கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள். இடமில்லை என்று அங்கே யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. பைகளை ஒதுக்கி உங்களுக்குப் பாய் விரிக்கும் அளவு இடம் விடுவார்கள். நீங்களும் நனைந்த சாமானை எல்லா ஆணியிலும் மாட்டிப் பரப்பாமல் ஒரு மூலையில் அடங்குங்கள். அடுப்பங்கரையில் நெருப்பு இருந்தால், அது யாரோ முதுகில் சுமந்து வந்த நிலக்கரியோ விறகோ. பச்சை மரத்தை வெட்டக் கூடாது. ஒரு சின்ன மூட்டை கரி கொண்டுபோனால் அன்றைக்கு ராத்திரி நீங்கள்தான் எல்லோருக்கும் வேண்டியவர். விஸ்கி நீட்டுவார்கள். குடிக்காதவர் “நன்றி, எனக்கு டீ போதும்” என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு நாலு கோப்பை டீ கொதிக்க வையுங்கள், பால் பவுடர் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மழை நாளில் அதற்கு இருக்கும் மதிப்பே வேறு.

ஆணும் பெண்ணும் ஒரே அறையில்தான் படுப்பார்கள். தனியாகப் போகிற பெண்கள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், முதுகில் சின்னக் கூடாரம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். உள்ளே இருக்கிற கூட்டமோ குடியோ பிடிக்கவில்லையென்றால் யாருக்கும் காரணம் சொல்லாமல் இருநூறு மீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். சட்டம் அதற்கும் இடம் தருகிறது. லாக் லோமன்ட் தேசியப் பூங்காவின் சில பகுதிகளில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். காலையில் கிளம்பும்போது போத்தியில் கிடக்கும் நோட்டுப் புத்தகத்தில் பெயர், தேதி, அடுத்து எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ‘அருமையான இடம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். தேடி வருகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தனியாக இருக்கும்போது ஓடை பெரிய எதிரி. காலையில் கல் மேல் கால் வைத்துத் தாண்டிய ஓடை, மூன்று மணி நேர மழைக்குப் பிறகு முழங்கால் அளவு பழுப்பு வெள்ளமாக ஓடும். முழங்கால் அளவு வேகத் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும். பிடிக்க ஆளில்லாதபோது இறங்கவே வேண்டாம். மேல்பக்கம் நடந்து கிளை பிரியும் இடத்தில் கடக்கலாம், அல்லது காத்திருக்கலாம். மழை நின்றால் ஏறிய வேகத்தில் இறங்கும். திட்டமிடும்போதே பாலம் இல்லாத ஓடை உள்ள வழியைத் தவிர்ப்பது இன்னும் நல்லது.

உடம்பு சில்லிடுவதை அடுத்தவர்தான் முதலில் கவனிப்பார். நாக்கு குழறும், கால் தடுமாறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். தனியாக இருப்பவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அரை மணிக்கு ஒரு தடவை கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தடுமாறினால் அந்த நிமிஷமே காற்று மறைவில் உட்கார்ந்து, இன்னொரு ஃப்ளீஸைப் போட்டு, இனிப்பாக எதையாவது தின்றுவிட்டு, இறங்குங்கள்.

மிட்ஜ் என்ற குட்டிப் பூச்சி மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்குப் பக்கத்தில் மொய்க்கும். நம் ஊர்க் கொசுவலையின் கண் வழியாக அது புகுந்துவிடும், அங்கே விற்கும் நெருக்கமான தலைவலைதான் வேண்டும். மணிக்கு 11 கிலோமீட்டர் காற்று வீசினாலே அது பறக்காது, அதனால் காற்று படும் மேட்டில் கூடாரம் போடுங்கள். உண்ணி இதைவிட முக்கியம். ராத்திரி அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் கூரிய முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், உப்பு, நெருப்பு வைக்க வேண்டாம். உண்ணி பரப்பும் லைம் நோயின் தடிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள் வரும், அதாவது ஊர் திரும்பிய பிறகு. நம் நிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. வளையமாகப் பரவும் கறுத்த தடிப்போ காய்ச்சலோ வந்தால், ஸ்காட்லாந்தில் உண்ணி கடித்தது என்பதை இங்குள்ள டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். அவர் கேட்க வாய்ப்பில்லை.

விபத்து உங்களுக்கோ வழியில் பார்த்தவருக்கோ நடந்தால், 999 அடித்து முதலில் ‘போலீஸ்’ என்று கேளுங்கள், பிறகு ‘மவுன்டன் ரெஸ்க்யூ’ என்று சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் என்று கேட்டால் வண்டி சாலையோரம் வந்து நிற்கும். வரைபடத்து எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பென் நெவிஸ் உச்சி என்றால் என்என் 166 712. பேச்சுக்கு சிக்னல் போதாத இடத்தில் எஸ்எம்எஸ் போகும். அதற்கு அங்கே சிம் வாங்கிய அன்றே ‘ரிஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து 999-க்கு அனுப்பி, வரும் பதிலுக்கு ‘யெஸ்’ என்று அனுப்பிப் பதிவு செய்துகொள்ளுங்கள். சிக்னலே இல்லையென்றால் விசில்: ஒரு நிமிஷத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிஷம் நிறுத்தம், மறுபடி ஆறு. மூன்று ஊதல் திரும்பக் கேட்டால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள். ஆனாலும் அவர்கள் வந்து சேரும்வரை நிறுத்தாதீர்கள். அடிபட்டவர் வேறொருவர் என்றால், அவருக்குக் கீழே முதலில் எதையாவது விரியுங்கள். மேலே போர்த்துவதைவிட இதுதான் அவசரம், ஈரத் தரை சூட்டை வேகமாக இழுக்கும்.

மீட்புக்குப் பணம் கேட்க மாட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் விசிட்டர் விசாக்காரருக்குக் கட்டணம் உண்டு, மலை நடை அடங்கிய காப்பீடு எடுத்துவிட்டுப் போங்கள். தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள், பகலில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு ராத்திரி மழையில் கிளம்புகிறவர்கள். அதனால் இறங்கியதும் குளிக்கப் போகுமுன் ரிசப்ஷனுக்குப் போய், காலையில் கொடுத்த சீட்டில் உங்கள் பெயரைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். அடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குச் செய்தி அனுப்புங்கள்.